லேப்டாப்புக்கு ஏழரை

சக்கரபாணியின் லேப்டாப் சனிக்கிழமைகளில் மட்டும் படுத்துவிடும்.

முதல் சனிக்கிழமை கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது. ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை என்று அதற்கு அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே உயிர் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமையும் அப்படியே ஆனபோது அவர் பீரோவைத் திறந்து லேப்டாப் வாங்கிய பில்லை எடுத்தார். தேதி இருந்தது. நேரம் இருந்தது, காலை 11.42. ஊர் திண்டிவனம். இதற்குமேல் என்ன வேண்டும்?

பஞ்சாங்கத்தை விரித்து லேப்டாப்புக்கு ஜாதகம் கணித்தார்.

சதய நட்சத்திரம். கும்ப ராசி. ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மனைவி ஜெயத்திடம்.

"இன்னாத்த நெனச்சீங்க?"

"வாங்கின நாளே சரியில்ல. நீதான் தள்ளுபடி முடியப்போவுதுன்னு ஜல்தி பண்ணே."

"ஏழரைன்னா எப்ப முடியும்?"

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது."

"வாரண்டி?"

"அது போன வருஷமே முடிஞ்சிப்போச்சி."

சக்கரபாணி கல்யாணத் தரகர். திண்டிவனத்தில் நிலக்கடலை விற்கும் ஒரு மல்லாட்டைக் கடைக்கு மாடியில் இருபத்திரண்டு வருடமாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். லேப்டாப்பில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஜாதகங்கள் இருந்தன. முன்பு காகிதங்களாகச் சாக்கு மூட்டையில் இருந்தவை. மல்லாட்டைக்கு வந்த எலிகள் மாடிக்கும் வர ஆரம்பித்ததால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். போன ஆடிப் பெருக்கன்று மூட்டைகளை மரக்காணம் கொண்டுபோய்க் கடலில் விட்டார். விடும்போது தேங்காய் உடைத்தார். கற்பூரம் ஏற்றினார். பேக்கப் எடுக்கவில்லை.

காகித ஜாதகத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது முறை. இப்போது காகிதம் இல்லை. மூலை இருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளைக் குழைத்து லேப்டாப்பின் நான்கு மூலையிலும் தடவினார்.

ஏழரை என்று தெரிந்த பிறகு மஞ்சளை இரட்டிப்பாக்கினார். சனிக்கிழமை லேப்டாப்புக்கு முன்னால் எள் தீபமும் ஏற்றினார். அதற்குப் பிறகு லேப்டாப் ஞாயிற்றுக்கிழமையும் படுக்க ஆரம்பித்தது. சனி உக்கிரமாக இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் தற்செயலாக இடது மூலையில் முழங்கையை ஊன்றினார். திரை எரிந்தது. கையை எடுத்தார். அணைந்தது. கீழே போய் மல்லாட்டைக் கடையில் அரைக் கிலோ படிக்கல்லை வாங்கிவந்து அந்த மூலையில் வைத்தார். ஒரு வாரம் ஓடியது. அடுத்த வாரம் ஒரு கிலோ கேட்டது. அதற்கடுத்து இரண்டு கிலோ. ஆனி மாதக் கடைசி சனிக்கிழமை இரண்டு கிலோவுக்கும் அசையவில்லை. ஐந்து கிலோ கல்லைக் கேட்டுப் போனபோது கடைக்காரர், "மேல இன்னாங்க எட போடுறீங்க, பொண்ணா மாப்பிள்ளையா?" என்றார்.

ஜெயம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். ஞாயிறு முழுக்க லேப்டாப்பை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள்.

"போனு தண்ணியில வுழுந்தா இப்படித்தான் வைப்பாங்க."

"இது தண்ணியில வுழலியே."

"சும்மா இருங்க. அரிசி எல்லாத்தையும் இழுக்கும்."

அரிசி சனியை இழுக்கவில்லை.

வேறு மாதமாக இருந்தால் பொறுத்திருப்பார். ஆனால் வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. பிறந்துவிட்டால் ஒரு மாதம் யாரும் கல்யாணப் பேச்செடுக்க மாட்டார்கள். கூட்டேரிப்பட்டில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பெரியசாமி தன் மகன் மணிமாறனுக்குப் பெண் தேடி ஒரு வருடமாக அலைகிறார். கிளியனூர் ஆர்த்தியின் போட்டோ அவர் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஜாதகம் புதன்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் செஞ்சித் தரகரிடம் போவதாகச் சொல்லியிருந்தார்.

கிளியனூர் வீட்டிலேயே இன்னொரு பிரதி கேட்கலாம்தான். கேட்டால், கொடுத்த ஜாதகம் என்ன ஆயிற்று என்பார்கள். தொலைந்தது என்று ஒரு தரகர் சொல்லக் கூடாது. பெண்ணின் ஜாதகம் தொலைவது சகுனத்திலேயே கெட்ட சகுனம். ஒரு வீட்டில் சொன்னால் ஆயிரத்து முந்நூறு வீட்டுக்கும் போய்விடும். சக்கரபாணி இரண்டு நாளாக யார் போன் செய்தாலும், "பொருத்தம் பாத்துக்கினு இருக்கேங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெண் கடை வைத்திருப்பதாகவும், செத்த டிஸ்க்கையும் பேச வைப்பாள் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். வழியில் கூட்டேரிப்பட்டு வரும். பெரியசாமியின் கடை ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். சக்கரபாணி பையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். போன் அடித்தது. பெரியசாமி.

"இன்னா தரகரே, எங்க கீறீங்க?"

"ஆபீஸ்லதாங்க."

"கூட்டேரிப்பட்டுலாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

"எங்க ஊரு பேரு கேக்குது?"

"உங்க ஊரப் பத்திதாங்க இங்க பேசிக்கினு இருக்கோம்."

"நல்லதா பேசுங்க. புதன்கிழம. ஞாபகம் இருக்கட்டும்."

கடை சின்னது. சுவர் முழுக்க லேப்டாப்புகளின் முதுகெலும்புகள் தொங்கின. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு ஒரு ஃபேனை ஊதிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"பேரு?" ரிப்பேர் கார்டை எடுத்தாள்.

"சக்கரபாணி. திண்டிவனம்."

பேனா நின்றது.

"இன்னா பண்றீங்க சார்?"

"திருமணத் தகவல் மையம்."

அவள் நிமிர்ந்து அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"இன்னா கோளாறு?"

"ஹார்டு டிஸ்க்கக் காணம்னு சொல்லுதும்மா."

"எப்பப்ப சொல்லுது?"

"சனிக்கிழம."

"எல்லா சனிக்கிழமையுமா?"

"அதுக்கு ஏழர நடக்குதும்மா."

"எதுக்கு?"

"இதுக்கு" என்று லேப்டாப்பைக் காட்டினார்.

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். கார்டில் கோளாறு என்ற இடத்தில் 'சனி' என்று எழுதினாள். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக் கவிழ்த்தாள். மேசைமேல் அரிசி கொட்டியது. ஏழெட்டு அரிசிமணி இருக்கும்.

"பொன்னியா?"

"வீட்ல வச்சாங்க."

"சாப்பாட்டு அரிசியில வச்சா அது இன்னா பண்ணும் பாவம்." இடது மூலையைத் தடவிப் பார்த்தாள். "இங்க இன்னா வச்சீங்க? குழி வுழுந்திருக்கு."

"படிக்கல்லு."

"எத்தினி கிலோ?"

"அரையில ஆரம்பிச்சேன்."

அவள் மூலையை மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள்.

"சார், வெள்ளிக்கிழம இன்னா பண்ணுவீங்க?"

இதுவரை அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. சக்கரபாணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜாதகத்தின் மரியாதையைப் பற்றி விளக்கிச் சொன்னார். நான்கு மூலையைப் பற்றிச் சொன்னார்.

"காஞ்ச மஞ்சளா, கொழச்சதா?"

"கொழச்சுதான். பொடியா வச்சா நிக்காதே."

"இந்த ஓரத்து ஸ்க்ரூ எங்க?"

"வைகாசில வுழுந்துடுச்சி. இடுக்கு வுட்டுக்கினு இருந்திச்சி. மஞ்சளாலயே அடச்சிட்டேன்."

"சனிக்கிழமைத் தொல்ல எப்ப ஆரம்பிச்சிது?"

"வைகாசிலதான்" என்றார் சக்கரபாணி. சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் மீதி ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தாள். டிஸ்க் இருக்கும் பள்ளம் மஞ்சள் பூசிய வாசற்படி மாதிரி இருந்தது. டிஸ்க்கை உருவினாள். லேப்டாப்போடு அதை இணைக்கும் பல் வரிசைமேல் மஞ்சள் காய்ந்து ஓடு கட்டியிருந்தது.

"வெள்ளிக்கிழம ஈரமா உள்ள எறங்குது. சனிக்கிழம பல்லு ஒட்டாது. ஞாயித்துக்கிழம காயும், ஓடும். நீங்க டபுளா வச்சதும் ஞாயித்துக்கிழமயும் காயல. மேல கல்ல வச்சா பல்லு அழுந்தி ஒட்டும். இப்ப ஓடு கட்டிடுச்சி. அவ்ளோதான் சார். சனி மேல பழி போடாதீங்க."

"எள் தீபம் ஏத்தினேனே."

"அது ஒன்னும் பண்ணல. கொஞ்சம் கரி இருக்கு, தொடச்சிடலாம்."

பென்சில் ரப்பரால் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். சுரண்டிய மஞ்சள் ஒரு மூடியளவு சேர்ந்தது. டிஸ்க்கை ஒரு வயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் சொருகினாள். சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டார். டிஸ்க் லேசாக முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

"டிஸ்க்குக்கு ஒன்னும் ஆவல. வேற ஒன்னுல காப்பி போட்டுத் தர்றேன். இனிமே எப்பவும் ரெண்டு இடத்துல வைங்க."

பச்சைக் கோடு ஊர்ந்தது. சக்கரபாணி அதைப் பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ஒன்னு தொறந்து பாக்கணும். யார்னா ஒரு பேரு சொல்லுங்க."

"ஆர்த்தி. கிளியனூர்."

திறந்தது. கட்டம், நட்சத்திரம், தசை, போட்டோ. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு இடம். சக்கரபாணி அவசரமாகக் கையால் திரையை மறைத்தார்.

தரகர் வாயால் பொய் சொல்லியாக வேண்டும். எந்த மாப்பிள்ளையும் தங்கம், எந்தப் பெண்ணும் குத்துவிளக்கு. ஓர் இடத்திலாவது உண்மை இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குறிப்பை வைத்திருந்தார். மணிமாறன் குறிப்பில், 'பையன் நல்லவன், அப்பா பேசிக்கொண்டே இருப்பார்' என்று இருக்கும். இதுவரை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை.

"இன்னொன்னு பாத்துடலாம்" என்றாள் அவள். அவரைக் கேட்கவில்லை. தானே அடித்தாள். அஸ்வினி, விழுப்புரம்.

போட்டோ வந்தது. பட்டுப் புடவை, தலை கொள்ளாத மல்லிகை. கண்ணாடி இல்லை. சக்கரபாணி போட்டோவைப் பார்த்தார். எதிரில் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அமாவாசையன்று மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் கெங்கம்மாள் என்ற அம்மாள் அவர் கையில் திணித்த ஜாதகம் அது.

அவள் குறிப்பை உரக்கப் படித்தாள்.

"'பெண் கெட்டிக்காரி. பேச்சு கூர்மை. வந்த வரன்கள் மூன்றும் காபி குடிக்காமல் எழுந்து போனதாகத் தாயார் சொல்கிறார். இரண்டு வருடம் போனால் இறங்கி வருவாள்.'"

படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"எங்கேர்ந்து சார் எறங்கி வருவேன்?"

சக்கரபாணி சுவரில் தொங்கும் முதுகெலும்புகளைப் பார்த்தார்.

"அம்மா உங்ககிட்ட இந்தக் கடை நம்பரக் குடுத்திருக்காங்க. ரிப்பேருன்னு நெனச்சி போன எடுத்தா மாப்பிள்ள வீட்டுக்காரங்க, 'திண்டிவனம் சக்கரபாணி குடுத்தாரு, பாப்பா நல்லா சமைக்குமா'ங்கிறாங்க. ரெண்டு வருஷமா இதே பேஜாரு. எனக்கு வேணும்னா நானே சொல்லிக்கிறேன். இத அழிங்க. காசு வேணாம்."

"அதெப்படிம்மா. கல்யாணம் ஆவாம ஜாதகத்த அழிக்கக் கூடாது."

"யாரு சொன்னது?"

"நான் வச்சிருக்கிற முறை. கல்யாணத்துக்குப் போயி, பந்தியில ஒக்காந்து சாப்ட்டு, வீட்டுக்கு வந்துதான் அழிப்பேன். இருபத்திரண்டு வருஷமா ஒன்னக்கூட சாப்புடாம அழிச்சதில்ல."

"அப்ப இதுவும் இங்கியே இருக்கட்டும்" என்று வயரை உருவி டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பெரியசாமி. சக்கரபாணி எடுத்தார்.

"தரகரே, செஞ்சிக்காரரு இப்பதான் போன் பண்ணாரு. அவருகிட்ட ரெண்டு ஜாதகம் ரெடியா இருக்குதாம். நான் இன்னா சொல்றது?"

"ஜாதகம் கையிலதாங்க இருக்குது" என்றார் சக்கரபாணி. அஸ்வினியின் கையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"அப்ப கொண்டாங்க."

"சாயங்காலத்துக்குள்ள."

போனை வைத்தார். அஸ்வினி மணி பார்த்தாள். ஒன்றரை.

"சார், சாப்புட்டாதானே அழிப்பீங்க?"

"ஆமா."

"இருங்க" என்று எழுந்து போனாள். எதிரிலிருந்த மெஸ்ஸிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தாள். மேசைமேலிருந்த மதர்போர்டுகளை ஒதுக்கினாள். இலையை விரித்தாள். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், வடை. கடைசியாக ஒரு சின்ன பாக்கெட்டைப் பிரித்து ஊற்றினாள்.

"பாயசம். ஒக்காருங்க. பந்தி."

சக்கரபாணி அரை நிமிடம் நின்றார். தர்மத்தில் ஓட்டை எங்காவது இருக்கிறதா என்று யோசித்தார். பந்தி இருந்தது. இலை இருந்தது. பெண்ணே எதிரில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இல்லை என்பது ஒன்றுதான் குறை. அவர் போன பல கல்யாணங்களில் மாப்பிள்ளை இருந்ததுதான் குறை.

உட்கார்ந்தார். சாப்பிட்டார்.

"கூட்டு போதுமா?"

"கொஞ்சம் வைம்மா."

பாயசத்தில் முந்திரி இல்லை. அதை அவர் சொல்லவில்லை. இலையைத் தன் பக்கமாக மடித்தார். நல்ல காரியத்துக்கு அப்படித்தான் மடிப்பது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் மறுபடி மாட்டிய டிஸ்க்கில் அவள் பெயரைத் தானே தேடி, தானே அழித்தார்.

"காப்பியிலயும்" என்றாள்.

காப்பியிலும் அழித்தார். பிறகு ஒரு கேள்வி வந்தது அவருக்கு.

"உங்கம்மா கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"ஹார்டு டிஸ்க் போச்சுன்னு சொல்லுங்க."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கத்தான் அவர் சனிக்கிழமையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

அவள் டிஸ்க்கை லேப்டாப்பில் பொருத்தினாள். விழுந்துபோன ஸ்க்ரூவுக்குப் பதில் புதிதாக ஒன்றை முடுக்கினாள். "மஞ்சள் வைக்கணும்னா பை மேல வைங்க. பைக்கும் நாலு மூல இருக்கு." ஆர்த்தியின் ஜாதகத்தை அங்கேயே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். சக்கரபாணி காகிதத்தின் வெறும் மூலைகளைப் பார்த்துத் தயங்கி நின்றார். அஸ்வினி சுரண்டி வைத்த மஞ்சள் மூடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுதுதான்."

அவர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். நான்கு மூலையிலும் தடவினார். கொஞ்சம் ஸ்பிரிட் வாசம் வந்தது.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் கண்டக்டர் கத்துவதற்கு முன்பே எழுந்து நின்றார். பெரியசாமி ஜாதகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னா தரகரே, ஆஸ்பத்திரி வாசம் வருது?"

"பொண்ணோட சித்தப்பா கம்பவுண்டருங்க."

செவ்வாய்க்கிழமை ஜோசியர் பார்த்தார். பத்துக்கு ஏழு பொருத்தம். புதன்கிழமை சாயங்காலம் கிளியனூரில் பெண் பார்த்துப் பூ வைத்தார்கள். பெரியசாமி இரண்டு மணி நேரம் பேசினார். வியாழக்கிழமை ஆடி பிறந்தது.

வெள்ளிக்கிழமை சக்கரபாணி பைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கெங்கம்மாள்.

"தரகரே, ஆவணிலயாவது எங்க பொண்ணுக்கு ஒன்னு பாருங்க. ஜாதகம் இருக்குது இல்ல?"

சக்கரபாணி எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

"ஹார்டு டிஸ்க் போச்சுங்க."

"ஐயையோ. எல்லாருதுமா?"

"உங்க பொண்ணோடது மட்டும்."



"அது எப்பிடிங்க அது மட்டும் போவும்?"

"ஏழரைச் சனிங்க."

"எங்க பொண்ணுக்கா? அவளுக்கு முடிஞ்சிப்போச்சே."

"லேப்டாப்புக்குங்க."

சக்கரபாணி வசவுக்குத் தயாரானார். ஆயிரத்து முந்நூறு வீட்டுக்கும் செய்தி போவதை மனக்கண்ணில் பார்த்தார்.

"சரி வுடுங்க" என்றாள் கெங்கம்மாள். "எங்கிட்ட ஒரிஜினல் கீது. ஆடி போவட்டும், நானே மஞ்சள் வச்சி எடுத்தாந்து தர்றேன். அதுக்குள்ள அந்தப் பொட்டிய நல்ல எடத்துல காட்டி சரி பண்ணுங்க. எங்க பொண்ணே விழுப்புரத்துல கடை வச்சிக்கினு கீறா. கைராசிக்காரி. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க, கரெக்டா செஞ்சி குடுப்பா. நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க" என்றார் சக்கரபாணி. மஞ்சள் விரலோடு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.